ஒட்டுண்ணி: சொல்லும் உயிரும்

எமது முற்போக்கு எழுத்தாளரின் கதைகளிலும் கவியரங்கக் கவிதைகளிலும் அடிக்கடி வந்துபோகும் சொற்களுள் ஒன்று ‘ஒட்டுண்ணி’. நிலவுடைமையாளன் ஒட்டுண்ணி, வட்டிக்குக் கொடுப்பவன் ஒட்டுண்ணி, தோட்டத்துரை ஒட்டுண்ணி. சில வேளைகளில் அது அட்டையாகவும் புல்லுருவியாகவும், யாழ்ப்பாணத்து வழக்கிற் குருவிச்சையாகவும் உருமாறும். உழைப்போர் உண்டாக்கிய செல்வத்தை உழைக்காதோர் உண்கின்றனர் என்னும் உண்மையைச் சுருங்கச் சொல்வதற்கு இச்சொல் உதவியிருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் உருவகம் நெடுங்காலம் ஆராயப்படாமற் புழங்குமிடத்து, அது சிந்தனைக்குத் துணை செய்வதை விடுத்துச் சிந்தனையின் இடத்தையே பிடித்துக்கொள்கின்றது. ஒட்டுண்ணி என்று எழுதியதும் சுரண்டலை விளக்கிவிட்டோம் என்ற நிறைவு எழுத்தாளனுக்கு ஏற்பட்டுவிடுகின்றது. விளக்கப்பட்டதோ ஒன்றுமில்லை. குத்தகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, நிலம் எவ்வாறு கைமாறிற்று என்பனவெல்லாம் அச்சொல்லின் நிழலில் மறைந்துபோகின்றன.

இச்சொல்லின் வரலாறு விசித்திரமானது. கிரேக்கத்தில் ‘பாராசித்தோஸ்’ என்பது பிறனொருவனின் பந்தியில் அருகிருந்து உண்பவனைக் குறித்தது. கிரேக்க இன்பியல் நாடகங்களில், செல்வன் வீட்டுச் சாப்பாட்டுக்காக அவனைப் புகழ்ந்து திரியும் நகைப்புக்குரிய பாத்திரம் அவனே. பின்னரே தாவரவியலும் விலங்கியலும் அச்சொல்லைக் கடன்வாங்கின. அதன்பின் அரசியல் அதனை உயிரியலிடமிருந்து மீளவும் கடன்வாங்கிற்று. மனிதனிடமிருந்து புழுவுக்குச் சென்ற சொல், புழுவின் அருவருப்பையும் சுமந்துகொண்டு மனிதனிடம் திரும்பி வந்தது எனலாம். இதன் மறுபாதியாகிய ‘விருந்துவழங்கி’ என்னும் பாடநூற் சொல்லையும் ஈண்டு நோக்குக. மலேரியாக் கிருமியைத் தன் குருதியில் தாங்கிக் குளிரில் நடுங்கும் மனிதன் விருந்து வழங்குகின்றானாம்! கலைச்சொல்லாக்கக் குழுவினரின் பெருந்தன்மை வியக்கத்தக்கது.

லெனின் 1916 இல் எழுதிய ஏகாதிபத்தியம் பற்றிய நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஒட்டுண்ணித்தன்மை பற்றிப் பேசுகின்றார். ஆனால் அங்கு அது வசைச்சொல் அன்று. வெளிநாட்டு முதலீட்டின் வட்டியில் வாழும் நாடுகளைப் பற்றிய பொருளாதாரக் கருத்து. எண்களும் அட்டவணைகளும் அதற்குப் பின்னணியாக நிற்கின்றன. இதே சொல்லை நாசிகள் யூதர்மீது சுமத்தியபோது எண்கள் தேவைப்படவில்லை, சொல்லே தீர்ப்பாயிற்று. பேன் முதலிய பூச்சிகளைக் கொல்லப் பயன்பட்ட ‘சைக்ளோன் பி’ என்னும் நஞ்சையே அவர்கள் மனிதர்மீதும் பிரயோகித்தனர் என்பது உருவகம் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்குச் சான்று. நம்மவர் பேச விரும்பாத இன்னொன்றையும் கூறவேண்டும். 1964 இல் லெனின்கிராட் நீதிமன்றம் ஜோசப் புரொட்ஸ்கி என்னும் இளங்கவிஞனை, உழையாது வாழும் சமூக ஒட்டுண்ணி என்ற குற்றச்சாட்டின்பேரில் ஐந்தாண்டுகளுக்கு வடபுலத்துக்கு நாடுகடத்திற்று. கவிதை எழுதுவது உழைப்பா அன்றா என்பதே அவ்வழக்கின் சாரம். சோசலிச நீதிமன்றமொன்று இவ்வாறு கேட்கலாமாயின், அச்சொல்லை நாமும் சற்றே நிறுத்திப் பார்ப்பது தகும்.

ஆகவே, சொல்லை விடுத்து உயிரைப் பார்ப்போம். இதற்கு நாம் துணைகொள்வது ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1949 இல் இத்தாலிய ஆய்விதழொன்றில் வெளியிட்ட ‘நோயும் கூர்ப்பும்’ என்னும் சிறு கட்டுரையை. சில பக்கங்களே கொண்டது. கூர்ப்பைப் பற்றி எழுதியோர் விலங்குகள் ஒன்றையொன்று வேட்டையாடுவதையும், குளிரையும் வரட்சியையும் வெல்வதையுமே பெரிதாகப் பேசினர். கண்ணுக்குத் தெரியாத நோயுயிர்களுடன் நிகழும் இடையறாத ஊடாட்டத்தை ஏறத்தாழ மறந்துவிட்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வருகின்றார். நோயுயிர் பெருவழக்கிலுள்ள உடல்வகைக்கே தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆதலால் அரிதான வகை தப்பிக்கும். தப்பித்த அரிய வகை பெருகும். பெருகியதும் அதுவே இலக்காகும். எனவே ஓரினத்தின் உறுப்பினர் உயிர்வேதியல் அடிப்படையில் ஒருவரையொருவர் ஒவ்வாது பலவகைப்பட்டிருப்பதே அவ்வினத்துக்குக் காப்பு. சிங்கத்தை எதிர்க்க எல்லா மான்களும் விரைந்து ஓடினாற் போதும். நோயை எதிர்க்க எல்லாரும் ஒரே விதமாக இருத்தலே ஆபத்து.

இக்கட்டுரையின் நடை எமது விமரிசகர் கற்கத்தக்கது. ஹோல்டேன் உவமையைத் தொடுகின்றார், அதில் தங்குவதில்லை. ‘டெய்லி வேர்க்கர்’ பத்திரிகையில் தொழிலாளருக்காக அறிவியல் எழுதிப் பழகிய கை அது.

அவருக்குப் பின்வந்தோர் அத்தனை கட்டுப்பாட்டுடன் எழுதவில்லை. 1973 இல் லீ வான் வேலன் என்னும் அமெரிக்கர், லூயிஸ் கரோலின் சிறுவர் கதையில் வரும் செவ்வரசியை அழைத்துவந்தார். நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓயாது ஓடவேண்டிய நாட்டின் அரசி அவள். உவமை பொருத்தமானதே. 1979 இல் டோக்கின்சும் கிரெப்சும் ‘ஆயுதப் போட்டி’ என்னும் பெயரைப் பரப்பினர். வல்லரசுகள் ஏவுகணைகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்துச் சொல் அது என்பது எவருக்கும் புலனாகும். இயற்கையிற் போரைக் கண்டு, பின் அவ்வியற்கையையே காட்டிப் போர் இயற்கையானது என்று சொல்லும் வழக்கம் டார்வின் காலத்திலிருந்தே உள்ளது.

இதற்கு மறுதலையாக ஒரு சமாதானக் கதையும் உண்டு. ஒட்டுண்ணி காலப்போக்கில் மென்மையடைந்து விருந்துவழங்கியுடன் இணங்கி வாழும். தன் வீட்டைத் தானே எரிப்பவன் இல்லை என்பது அக்கதை. நெடுங்காலம் மருத்துவ நூல்களிலும் இது பேசப்பட்டது. அவுஸ்திரேலிய முயல்களின் வரலாறு இவ்விரு கதைகளையும் ஒருங்கே தோற்கடிக்கின்றது. 1859 இல் வேட்டை விளையாட்டுக்காக விக்ரோரியாவில் ஒரு நிலப்பிரபு விட்ட முயல்கள் கோடிக்கணக்கிற் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தன. 1950 இல் மிக்சோமா வைரசு அவற்றினிடையே பரப்பப்பட்டது. தொடக்கத்தில் தொற்றிய நூறு முயல்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மாண்டன. சில ஆண்டுகளுள் நிலைமை மாறிற்று. முயலை விரைந்து கொல்லும் வைரசு, நுளம்பு வந்து கடித்து எடுத்துச் செல்லுமுன் முயலோடு தானும் புதைந்தது. மூன்று நான்கு கிழமை முயலை வாழவிட்ட வகை பரவிற்று. அதே வேளை, தப்பிய முயல்களின் குட்டிகள் பரம்பரையாகவே கூடிய எதிர்ப்பாற்றலுடன் பிறந்தன. சமாதானக் கதைக்காரர் இத்துடன் நூலை மூடிவிடுகின்றனர். ஆனால் முயலின் எதிர்ப்பு ஏற ஏற, மிக மென்மையான வைரசு முயலின் தோலிற் போதிய அளவு பெருகமுடியாமற் போயிற்று; பிற்காலத்தில் வைரசின் கொடுமை மீண்டும் ஏறியது. ஆகவே இங்கு நட்புமில்லை, பகையுமில்லை. பரவலின் கணக்கு மட்டுமே உண்டு.

இக்கணக்கைக் காலத்தின் அடுக்குகளிலேயே கண்டவர்களும் உளர். பெல்ஜியத்தில் ஒரு குளத்தின் சேற்றை ஆய்வாளர் படைபடையாக எடுத்தனர். அதில் தெள்ளுப்பூச்சி போன்ற சிறு நீருயிரின் உறங்கும் முட்டைகளும் அதனைத் தொற்றும் பற்றீரியாவின் வித்திகளும் ஆண்டுவாரியாகப் படிந்திருந்தன. இரண்டையும் உயிர்ப்பித்து, ஒரு காலத்து நீருயிரை மற்றொரு காலத்துப் பற்றீரியாவுடன் சேர்த்துப் பார்த்தனர். சென்ற காலத்துப் பற்றீரியாவைவிடச் சமகாலத்துப் பற்றீரியாவே கூடுதலாகத் தொற்றியது. பின்வந்த காலத்துப் பற்றீரியாவும் அத்துணை வல்லதாக இல்லை. 2007 இல் வெளிவந்த இவ்வாய்வு, ஏணியில் ஏறுவது போன்ற முன்னேற்றம் இங்கு இல்லை, துரத்திச் சுற்றுதலே உண்டு என்பதைக் காட்டிற்று.

மனிதனிடம் வருவோம். 1948 யூலையில் ஸ்ரொக்ஹோமில் நடந்த பரம்பரையியல் மகாநாட்டில் ஹோல்டேன் ஒரு கருத்தை முன்வைத்தார். மத்தியதரைக் கடற்கரை மக்களிடையே தலசீமியா என்னும் குருதிநோய் ஏன் இத்துணை மலிந்துள்ளது? தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவ்விகாரத்தைப் பெறும் பிள்ளை கடும் இரத்தசோகையால் இறந்துவிடும். அவ்வாறாயின் அப்பரம்பரையலகு எப்போதோ அருகியிருத்தல் வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர் மலேரியாவை எதிர்க்க வல்லவராயிருக்கலாம் என்றார் ஹோல்டேன். அன்று அது ஊகமே. 1954 இல் அந்தனி அலிசன் கிழக்காபிரிக்காவில் அரிவாளுருச் செங்குழியத்தைப் பற்றி இதனையே நிறுவினார். ஈமோகுளோபினில் ஓரேயொரு அமினோ அமிலம் மாறியதால் விளையும் விகாரம் அது. ஒரு பிரதி உடையோர் கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் காக்கப்படுகின்றனர். இரு பிரதி உடையோரின் செங்குழியங்கள் அரிவாள்போல் வளைந்து குருதிக் குழாய்களை அடைக்கின்றன. ஒரு பிரதி உடைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அந்நோய் வரக்கூடும். போர் என்று இதனை எழுதுவோரிடம் நாம் வினவுவது இதுவே: இதில் வென்றவர் யார்? ஒரு பிள்ளையைக் காக்கும் கவசம் அதன் உடன்பிறப்பைக் கொல்கின்றது.

இவ்விடத்தில் மானிடவியலாளர் பிராங்க் லிவிங்ஸ்ரன் 1958 இல் எழுதிய ஆய்வை எமது வாசகர் அறிந்திருத்தல் நன்று. மேற்காபிரிக்காவின் அடர்காட்டில், மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு உகந்த வெயில்படும் தேங்குநீர் அரிது. இரும்புக் கருவியுடன் வந்த உழவர் காட்டை வெட்டி வள்ளிக்கிழங்கு நட்டனர். வெட்டவெளியும் குட்டைகளும் நெருங்கிய ஊர்களும் ஒருங்கே தோன்றின. நுளம்பு பெருகிற்று, மலேரியா நிலைத்தது, அரிவாளுரு விகாரத்தைத் தாங்கியோரின் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்தனர். உற்பத்தி முறை மாறினால் மனிதரின் எண்ணங்கள் மாறும் என்பதை நாம் படித்திருக்கின்றோம். குருதியின் வகைகளது விகிதமே மாறும் என்பதை இக்கட்டுரை காட்டுகின்றது. கவனமாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. உழவு அவ்விகாரத்தைப் படைக்கவில்லை. அது தற்செயலாகத் தோன்றியது, உழவுக்கு மிக முன்னரே தோன்றியிருக்கவும் கூடும். தோன்றியதைப் பெருகச் செய்தது சமூக வாழ்வு. இவ்வேறுபாட்டை மறந்தால் நாம் லைசென்கோவின் வாசலிற் போய் நிற்போம்.

லைசென்கோவைப் பற்றி ஒருவார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. ஸ்ரொக்ஹோம் மகாநாடு முடிந்த அதே மாதத்தின் இறுதியில் மொஸ்கோவில் விவசாய விஞ்ஞானக் கழகம் கூடிப் பரம்பரையியலை முதலாளித்துவப் பொய் எனத் தள்ளிவைத்தது. பயிர்களின் நோயெதிர்ப்பைப் பற்றி முதன்மையாக ஆராய்ந்து, உலகெங்கும் திரிந்து விதை சேர்த்த வவிலோவ் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே சராத்தோவ் சிறையில் மடிந்திருந்தார். கொம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராயிருந்த ஹோல்டேன் அவ்வேளையில் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். சிறிது காலத்தின் பின் கட்சியை விட்டு விலகினார். 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964 இல் புவனேஸ்வரிற் காலமானார். அவர் வாழ்விலே எமக்குப் பிடித்தமில்லாத பக்கம் அத்தயக்கமே.

எமது இடதுசாரி வாசகரிற் பலர் பரம்பரையலகு என்றதும் முகஞ்சுளிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பிறப்பின் பேரால் தேநீர்க்கடையிலும் கிணற்றடியிலும் மனிதரைத் தள்ளிவைத்த சமூகம் எமது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றோர் எதிர்கொண்டது ‘இரத்தம்’ பற்றிய இச்சிந்தனையையே. ஆனால் பரம்பரையியல் அச்சிந்தனைக்குத் துணைபோகவில்லை. அரிவாளுரு விகாரம் ஆபிரிக்க இனத்தின் அடையாளம் என்று ஒருகாலத்தில் அமெரிக்க மருத்துவர் நம்பினர். அது கிரேக்கத்திலும் சிசிலியிலும் அராபியாவிலும் உள்ளது. 1952 இல் நீலகிரிப் பழங்குடியினரிடையேயும் கண்டறியப்பட்டது. ஆபிரிக்காவின் தென்கோடியிலோ அது மிக அரிது. அது இனத்தைத் தொடரவில்லை, மலேரியாவைத் தொடர்ந்தது. ‘தூய இரத்தம்’ பேசுவோருக்கு ஹோல்டேனின் கட்டுரை அளிக்கும் விடை இன்னும் கடுமையானது: கலப்பும் பன்மையுமே நோய்க்கு எதிரான அரண்.

இதுவரை ஒட்டுண்ணி எமது பரம்பரையலகுகளிற் செய்ததையே பேசினோம். நாம் அதற்குச் செய்ததும் உண்டு. கம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியாவுற்ற மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் மனிதனின் பரம்பரையலகையும் கிருமியின் பரம்பரையலகையும் ஒருசேரப் படித்த ஆய்வு 2021 இறுதியில் வெளிவந்தது. கிருமியின் மூன்று இடங்களிலுள்ள குறிப்பிட்ட மாற்றங்கள், அரிவாளுரு விகாரம் உடைய பிள்ளைகளைத் தொற்றியவற்றிலே மிகுந்து காணப்பட்டன. அம்மாற்றமுடைய கிருமிக்கு எதிரே அவ்விகாரத்தின் காப்புப் பெரிதும் குன்றிவிடுகின்றது. விகாரம் மலிந்த பகுதிகளில் இக்கிருமி வகைகளும் மலிந்துள்ளன. காட்டை வெட்டிய உழவனின் கதையில் இது அடுத்த அத்தியாயம், எழுதிக்கொண்டிருப்பது கிருமி.

எமது நாட்டுக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. ஹோல்டேன் எழுதுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அரிய வகை, பெருவழக்கு வகை என்னும் பாடத்தை இலங்கை மலைநாடு மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி கண்டது. ‘ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ்’ என்னும் பங்கசு அது. காடழித்த மலைச்சரிவுகளில் மைல்கணக்காக ஒரே இனக் கோப்பி, அதுவும் தன்மகரந்தத்தால் ஒன்றையொன்று ஒத்த செடிகள், நெருக்கமாக நின்றன. ஒரு செடியில் வென்ற பங்கசு எல்லாச் செடியிலும் வென்றது. 1880 முதல் 1882 வரை இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வோர்ட், வித்திகள் காற்றில் வருவதையும், இடையறாத ஒற்றைப்பயிர்ச் செய்கை அவற்றுக்கு வழிசெய்வதையும் எடுத்துரைத்தார். துரைமார் விரும்பியது ஒரு மருந்து; அவர் கொடுத்தது ஒரு விளக்கம். கோப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். வடக்கு வழியாகக் கால்நடையாய் வந்து, வழியிற் பலரை இழந்து, அக்கோப்பியை நட்ட தமிழகத்துக் கூலிகளின் இழப்பைக் கணக்கிற் சேர்த்தவர் சிலரே. ஒட்டுண்ணி எது என்று கேட்பதானால் இங்கு கேட்கவேண்டும். பங்கசைக் காட்டித் துரையை மறைக்கவும் வேண்டாம். துரையைப் பங்கசு என்று ஏசி விடயத்தை முடிக்கவும் வேண்டாம். எல்லாச் செடியையும் ஒன்றாக்கிய இலாபக் கணக்கையே படிக்கவேண்டும்.

1934 இன் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. எப்போதும் மலேரியா நிலவிய வரண்ட பிரதேசத்து மக்கள் ஒப்பீட்டளவிற் தப்பினர். இதனைப் பரம்பரையின் வலிமை என்று கருதுவோர் உளர், அது தவறு. அவர்களிற் பெரும்பாலாரைக் காத்தது சிறுவயது முதல் நோய்வாய்ப்பட்டுப் பெற்ற நிர்ப்பீடனம். அது பெற்றவனோடு போய்விடும், பிள்ளைக்குச் செல்லாது. சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தபோது கண்டது, கொன்றதில் நோய்க்குப் பங்கிருந்தது போலவே பசிக்கும் பங்கிருந்தது என்பதை. அடுத்த ஆண்டின் இறுதியில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியமைக்கும் இவ்வனுபவத்துக்கும் உள்ள தொடர்பு வரலாற்று மாணவர் அறிந்ததே.

1963 இல் நாடு முழுவதிலும் பதினேழு மலேரியா நோயாளரே பதிவாயினர். வெற்றி என்று எண்ணிக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. டி.டி.ரி. தெளித்த இடங்களில் அதற்கு ஈடுகொடுக்கும் நுளம்புகளும் நாளடைவிற் பெருகின. அதுவும் இதே கணக்குத்தான். 2012 ஒக்ரோபரின் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் எவரும் இல்லாத நிலை ஏற்பட, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடாகச் சான்றுபடுத்திற்று.

கிருமி போய்விட்டது, அது தெரிந்தெடுத்த பரம்பரையலகுகள் போகவில்லை. குருநாகல், அநுராதபுரம் முதலிய பகுதிகளில் தலசீமியாவும், அதனோடு சேர்ந்து நோயை விளைக்கும் ‘ஈமோகுளோபின் ஈ’ வகையும் இன்றும் உள்ளன. காப்பதற்கு மலேரியா இல்லை. ஆயினும் நான்கில் ஒன்று என்னும் கணக்கு மாறவில்லை. கடும் தலசீமியாவுடன் பிறக்கும் பிள்ளைக்கு மாதந்தோறும் பிறர் குருதி ஏற்றவேண்டும். ஏற்றிய குருதியின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க, அதனை அகற்றும் மருந்தும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். குருநாகலில் இதற்கென ஒரு தனி நிலையம் இயங்குகின்றது. பிறர் குருதியால் வாழும் இப்பிள்ளைகளுள் ஒருவர் நாளை எமது சஞ்சிகையைப் புரட்டி, உதிரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்று தொடங்கும் கவிதையொன்றைப் படிக்கக்கூடும்.